ஸ்கோர் 574: செட்டில்டு ஒண்ணு, முடிஞ்சும் முடியாத லோன் ஒண்ணு, என்னுதே இல்லாத கடன் ஒண்ணு. கார்டு கிடைக்குமா?

தேங்காய்_மண்டி

கொழிஞ்சாம்பாறை பக்கம். சொந்த டாட்டா ஏஸ் ஒண்ணு, தேங்காய் எடுத்து பொள்ளாச்சி மண்டிக்குப் போடறது தொழில். செலவு போக மாசம் 28–32 ஆயிரம் நிக்கும். ஐடிஆர் (வருமானவரி ரிட்டர்ன்) போட்டதில்லை. ஆதார், ரேஷன் கார்டு கேரளா விலாசம். குடோன் மட்டும் செக்போஸ்ட் தாண்டி தமிழ்நாட்டுப் பக்கம் வாடகைக்கு.

சிபில்ல (நம்ம கடன் வரலாறு வெச்சிருக்கற கம்பெனி) ஸ்கோர் 574 காட்டுது. உள்ள இருக்கறது இதுதான்:

பழைய கிரெடிட் கார்டு, லிமிட் 40,000. 2021-ல கட்டறது நின்னுது. 2023 மார்ச்ல பேரம் பேசி, குறைச்சு 28,000 கட்டி செட்டில் பண்ணினது. இப்ப "செட்டில்டு"ன்னும், செட்டில்மென்ட்ல விட்ட தொகை 19,400-ன்னும் நிக்குது.

டூவீலர் லோன். முழுசா கட்டி 2022-ல என்ஓசி (பாக்கி இல்லைங்கற கடிதம்) வாங்கியாச்சு. ரிப்போர்ட்ல இன்னும் ஆக்டிவ். ஓவர்டியூ (கெடு தாண்டின பாக்கி) 1,180.

15,000 ரூபாய் பெர்சனல் லோன், ஏதோ ஆப் கம்பெனி. நான் எடுக்கவே இல்லை. ரிப்போர்ட்ல விலாசப் பகுதியில தேனி மாவட்ட விலாசம் ஒண்ணு புதுசா இருக்கு, அங்க எனக்கு யாருமே இல்லை.

நகைப் பணயம் ரெண்டு, வருசா வருசம் வட்டி கட்டிப் புதுப்பிக்கறது.

கடைசி மூணு மாசத்துல என்கொயரி (கார்டு, கடன் கேட்டு வங்கிங்க ரிப்போர்ட் எடுத்தது) 7.

பாலக்காட்டுல ஒருத்தர் 12,000 கொடுத்தா 45 நாள்ல 750 ஆக்கித் தர்றேங்கறார். கையில 20,000 இருக்கு. அவருக்குக் கொடுக்கறதா, செட்டில்டு பாக்கியக் கட்டறதா, வேற வழி இருக்கா? ரெண்டு வருசத்துல ஒரு பெரிய வண்டி எடுக்கணும், அதுக்கு லோன் வேணும்.

வரவு_செலவு

அந்த 12,000-ஐக் கொடுக்காதீர்கள். ரிப்போர்ட்டில் ஒரு வரியை மாற்றும் அதிகாரம் கடன் கொடுத்த நிறுவனத்திடம்தான் இருக்கிறது. அந்த நிறுவனம் "ஆமாம், பதிவு தவறு" என்று சொல்லாமல் சிபிலே கூட அதில் கை வைக்காது. அப்படியிருக்க வெளியாள் எப்படி மாற்றுவார்? அவர்கள் செய்யும் வேலை இதுதான்: உங்கள் பான், பிறந்த தேதி, ஓடிபி எல்லாம் வாங்கி உங்கள் பெயரில் உள்ளே போய், இருக்கிற கணக்கு அத்தனையின் மேலும் ஆட்சேபம் போட்டுவிடுவார்கள். சில நாட்களுக்குக் கணக்குகளின் மேல் "ஆட்சேபத்தில் உள்ளது" என்று குறிப்பு விழும். அதைப் படம் பிடித்துக் காட்டி மீதிப் பணம் கேட்பார்கள். கடன் கொடுத்தவர் "எங்கள் பதிவு சரியே" என்று பதில் போட்டதும் எல்லாம் பழைய இடத்துக்கே வந்துவிடும். பணம் போனதோடு உங்கள் பான், ஆதார் நகலும் அவர் கையில் இருக்கும். ஏற்கெனவே எடுக்காத கடன் ஒன்று உங்கள் பெயரில் நிற்கும்போது இது வேண்டாத வினை.

இரண்டாவது, சிபில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு நிற்காதீர்கள். நாட்டில் இப்படி நான்கு நிறுவனங்கள் உண்டு: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க். நான்கும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. 2017 முதல் இருக்கிறது. நான்கையும் அந்தந்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுங்கள். கடன் ஆப்களில் "இலவச ஸ்கோர்" பார்த்தால் சுருக்கம்தான் வரும். அதோடு உங்கள் எண்ணை யார் யாருக்கோ கொடுக்கச் சம்மதமும் வாங்கிக்கொள்வார்கள். ஒருவரிடம் இல்லாத தவறு இன்னொருவரிடம் இருக்கலாம். வண்டிக்கடன் கொடுப்பவர் எந்த ரிப்போர்ட்டைப் பார்ப்பார் என்பது நம் கையில் இல்லை.

நம் ரிப்போர்ட்டை நாமே எடுத்தால் ஸ்கோர் குறையாது. கார்டோ கடனோ கேட்டு விண்ணப்பித்து வங்கி எடுத்தால்தான் அது என்கொயரியாக விழும். மூன்று மாதத்தில் 7 என்றால் "இவருக்கு யாரும் கொடுக்கவில்லை, அலைந்துகொண்டிருக்கிறார்" என்றுதான் அடுத்த வங்கி படிக்கும். இன்றோடு நிறுத்துங்கள். இன்னொன்று: விண்ணப்பத்தை நிராகரித்தால் கார்டு நிறுவனம் காரணத்தை எழுத்தில் சொல்லவேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த ஏழு பேரிடமும் மின்னஞ்சலில் காரணம் கேளுங்கள். எந்த வரி இடிக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடலாம்.

இப்போது முக்கியமான இடம். உங்கள் பட்டியலில் எல்லோர் கண்ணும் செட்டில்டு மேல்தான் போகும். எனக்கு உறுத்துவது அந்த 1,180. செட்டில்டு என்பது 2023-ல் முடிந்துபோன கதை. டூவீலர் கணக்கோ இன்றைக்கும் திறந்திருக்கிறது, இன்றைக்கும் பாக்கி காட்டுகிறது. ரிப்போர்ட்டில் 36 மாதத்துக்கான சிறு கட்டங்கள் இருக்கும், ஒவ்வொன்றிலும் எத்தனை நாள் தாமதம் என்று எண். ஒழுங்கென்றால் 000 அல்லது எஸ்டிடி. தகவல் வராத மாதம் எக்ஸ்எக்ஸ்எக்ஸ். டூவீலர் வரிசையில் அந்த எண் மாதாமாதம் ஏறிக்கொண்டே போயிருக்கும், பாருங்கள். பாக்கி 1,180 ரூபாயா 11 லட்சமா என்பதை அந்தக் கட்டம் காட்டாது, நாளைத்தான் காட்டும். கார்டின் கெட்ட கட்டங்கள் 36 மாதச் சன்னலிலிருந்து நகர்ந்து வெளியேறும். டூவீலரின் கெட்ட கட்டங்கள் மாதம் ஒன்றாகப் புதிதாகப் பிறக்கும். முதல் வேலை அதுதான்.

நடுப்புணி_செக்போஸ்ட்

1,180-ன்னா ரெண்டு பவுன்ஸ் சார்ஜுங்க, கணக்குல பணம் இல்லாம தவணை திரும்பினதுக்குப் போடறது. 500-ம் அதுக்கு 18 சதம் ஜிஎஸ்டியும் சேர்ந்தா 590, ரெண்டு தடவைக்கு 1,180. தவணை எல்லாம் கட்டி முடிச்சும் இந்தச் சில்லறை சிஸ்டத்துல ஒட்டிக்கிட்டு கணக்கை மூட விடாது. என்ஓசியை பிரான்ச்ல கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பாங்க, ரிப்போர்ட் அனுப்பற மெசினுக்கு அது தெரியாது.

பணத்தைக் கட்டிராதீங்க. என்ஓசி கையில இருந்தா பாக்கி இல்லைன்னு அவங்களே எழுதிக் கொடுத்தாச்சு. இப்பப் போய் 1,180 கட்டினா, 2022-ல இருந்து பாக்கி இருந்துச்சுங்கறத நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும், பழைய தாமதக் கட்டமெல்லாம் அப்படியே நிக்கும். நமக்கு வேண்டியது என்ஓசி தேதியில முடிஞ்சதா மூடி, அதுக்கப்புறம் ஏறின தாமத நாளையும் எடுக்கறது.

செய்யற முறை: சிபில் தளத்துல லாகின் பண்ணி, அந்தக் கணக்கைத் திறந்து ஆட்சேபம் போடுங்க. மூணு விதம் கேக்கும்: கணக்கே என்னுதில்லை, ஒரே கணக்கு ரெண்டு தடவை வந்திருக்கு, விவரம் தப்பு. டூவீலருக்கு மூணாவது. நடப்பு பாக்கி 0, ஓவர்டியூ 0, மூடின தேதி என்ஓசி தேதி, இந்த மூணு இடத்தையும் தனித்தனியாத் திருத்தச் சொல்லுங்க. ஓவர்டியூவை மட்டும் சொன்னா அதை மட்டும் மாத்திட்டு கணக்கை ஆக்டிவாவே விட்டுருவாங்க. ரிப்போர்ட் மேல இருக்கற கன்ட்ரோல் நம்பரைக் குறிச்சு வெச்சுக்கங்க. அதே நாள், கடன் கொடுத்த கம்பெனியோட குறைதீர்ப்பு மெயிலுக்கும் என்ஓசி, கடைசி ஸ்டேட்மென்ட் வெச்சு அனுப்புங்க. ஒரு பக்கம் மட்டும் போட்டா இவங்க அவங்களைக் காட்டுவாங்க, அவங்க இவங்களைக் காட்டுவாங்க.

கெடு 30 நாள். அதுல கம்பெனிக்கு 21 நாள். அதுக்குள்ள முடிக்கலைன்னா தப்பு யார் பக்கமோ அவங்க நாளொண்ணுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தரணும். 2024 ஏப்ரல் கடைசியில இருந்து இந்த விதி ஓடுது. புகார்லயே உங்க பேங்க் கணக்கு விவரத்தையும் சேர்த்துருங்க.

30 நாள் தாண்டியும் பதில் இல்லை, இல்ல மழுப்பலா வந்துச்சுன்னா ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேன் (குறைதீர்ப்பு அதிகாரி). 2021-ல இருந்து எல்லாம் ஒரே திட்டம். நீங்க கேரளா, கம்பெனி தமிழ்நாடு, எந்த ஆபீசுங்கற குழப்பமே இல்லை. ரிசர்வ் வங்கி புகார் தளத்துல போடலாம், இல்ல 14448-க்குக் கூப்பிட்டு வழி கேக்கலாம். காசு கிடையாது. சிபில் மாதிரி கம்பெனி மேலயும் 2022 செப்டம்பர்ல இருந்து அங்க புகார் போடலாம். ஆனா முதல்ல அவங்களுக்கு எழுதி 30 நாள் விட்டிருக்கணும், இல்லைன்னா திருப்பி அனுப்பிருவாங்க.

ஒரு உபரி: ஆர்சியில ஹைப்பாதிகேஷன் (வண்டி கடன்ல இருக்குங்கற குறிப்பு) இன்னும் இருக்கான்னு பாருங்க. என்ஓசியோட வந்த படிவம் 35-ஐ ஆர்டிஓவுல கொடுக்காம பீரோவுல வெச்சிருக்கறவங்கதான் நம்ம பக்கம் ஜாஸ்தி. கேஎல் 70 வண்டியா இருந்தா சித்தூர்லயே முடியும். பழைய என்ஓசின்னா புதுசா ஒண்ணு கேட்டு வாங்கிக்கங்க. அந்தப் புதுத் தேதி என்ஓசி ஆட்சேபத்துக்கும் பலமான காகிதம்.

கணக்குப்_பிள்ளை

எடுக்காத 15,000 கடனைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதைச் சொல்கிறேன்.

இதில் இரண்டு வாய்ப்பு உண்டு. ஒன்று, வேறொருவர் கடன் உங்கள் ரிப்போர்ட்டில் தவறிப்போய் ஒட்டிக்கொண்டது. இன்னொன்று, உங்கள் பானை வைத்து யாரோ எடுத்தது. இரண்டுக்கும் வழி வேறு வேறு. முதலில் எது என்று தெரிந்தாகவேண்டும்.

நம் ஆட்களுக்கு முதல் வகை அதிகம் வரக் காரணம் இனிஷியல். ஆதாரில் "ஆர். முருகன்", பானில் அப்பா பெயர் விரிந்து கடைசிப் பெயராக நிற்கும், வங்கியில் "முருகன் ஆர்", கேரளா வாக்காளர் அட்டையில் மலையாளத்திலிருந்து எழுத்துப் பெயர்த்த இன்னொரு எழுத்துக்கூட்டு. ரிப்போர்ட் நிறுவனம் பெயர், பிறந்த தேதி, பான், கைபேசி எண், விலாசம் எல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் ஒரு ஆளை அடையாளம் காண்கிறது. பான் இல்லாமல் பதிவான சின்னக் கடன், அதே பெயர், அதே பிறந்த தேதி என்றால் இரண்டு முருகன்களும் ஒருவராகிவிட வாய்ப்பு இருக்கிறது. பிறந்த தேதி தெரியாமல் பள்ளிக்கூடத்தில் ஏதோ ஒரு தேதி போட்டவர்கள் நிறைய இருக்கும் ஊர்களில் இது இன்னும் எளிது.

கைபேசி எண்ணையும் கவனியுங்கள். எல்லையில் இருப்பவர்கள் தமிழ்நாட்டு சிம் ஒன்று, கேரளா சிம் ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்திருப்போம். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் சில மாதத்தில் வேறொருவருக்குப் போய்விடும். அவர் அந்த எண்ணில் கடன் எடுத்தால் குழப்பம். ரிப்போர்ட்டின் தொடர்பு விவரப் பகுதியில் உங்களுடையதல்லாத எண் இருக்கிறதா பாருங்கள். விலாசப் பகுதியில் ஒவ்வொரு விலாசத்துக்கும் எந்தத் தேதியில் பதிவானது என்று இருக்கும். தேனி விலாசம் பதிவான தேதியும் அந்த 15,000 கடன் திறந்த தேதியும் அக்கம்பக்கமாக இருந்தால் இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்று வைத்துக்கொள்ளலாம்.

உறுதி செய்ய, அந்தக் கம்பெனிக்கு மூன்றே கேள்வி எழுதுங்கள்: விண்ணப்பத்தில் கொடுத்த பான் எது, அடையாளச் சான்று நகல் எது, பணம் போன வங்கிக் கணக்கின் கடைசி நான்கு எண் எது. பான் வேறு என்றால் வேலை சுலபம். "கணக்கே என்னுதில்லை" என்ற பிரிவில் ஆட்சேபம் போட்டு, உங்கள் பான் நகலும் ஆதார் நகலும் இணைத்தால் பிரிந்துவிடும். தேனி விலாசத்தையும் அந்நிய எண்ணையும் அதே ஆட்சேபத்தில் நீக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒட்டும் பசை அப்படியே இருக்கும், அடுத்த கடனும் வந்து ஒட்டும்.

பான் உங்களுடையதே, பணம் மட்டும் வேறு கணக்குக்குப் போயிருக்கிறது என்றால் அது மோசடி. 1930 எண்ணிலோ சைபர் குற்றத் தளத்திலோ புகார் பதிந்து, அந்த ஒப்புகையை ஆட்சேபத்தோடு இணையுங்கள். புகார் எண் இல்லாமல் "நான் எடுக்கவில்லை" என்று எழுதினால் கம்பெனிகள் பெரும்பாலும் "ஓடிபி சரிபார்க்கப்பட்டது" என்று ஒற்றை வரியில் மூடிவிடும். எந்தக் காரணம் கொண்டும் "தொல்லை தீரட்டும்" என்று ஒரு தவணை கூடக் கட்டாதீர்கள். கட்டியவர் கடன்காரர் என்று ஆகிவிடும்.

வசூல் ஆள் கூப்பிட்டால் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக்கூடாது என்பது விதி. அழைப்பு நேரத்தைக் குறித்துவையுங்கள், புகாரில் உதவும்.

தேங்காய்_மண்டி

ரொம்ப நன்றிங்க. டூவீலர் கட்டமெல்லாம் பார்த்தேன், நீங்க சொன்ன மாதிரியேதான், எண் ஏறிக்கிட்டே போயிருக்கு. அப்ப செட்டில்டை என்ன பண்றது? 19,400-ஐக் கட்டினா "குளோஸ்டு" ஆயிருமா? இல்ல அந்த 20,000-ல எஃப்டி போட்டு கார்டு வாங்கறதா?

வரவு_செலவு

என் கட்சி: பெரிய வண்டிக்குக் கடன் வேண்டுமென்றால் 19,400-ஐக் கட்டி "குளோஸ்டு" ஆக்கிவிடுங்கள். வண்டிக்கடன் தரும் அதிகாரி ஸ்கோருக்கு முன்னால் பார்ப்பது இந்தச் சொல்லைத்தான். செட்டில்டு என்றால் "முழுதாகத் தரவில்லை, பேரம் பேசி முடித்தார்" என்று பொருள். அந்தச் சொல் 36 மாதத்தில் போய்விடாது. மாதக் கட்டங்கள் வேறு, கணக்கின் நிலை வேறு. தகவலைக் குறைந்தது 7 வருடம் வைத்திருக்கவேண்டும் என்பது சட்டம்.

ஆனால் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டிவிடாதீர்கள். முதலில் கடிதம். கார்டு எண்ணின் கடைசி நான்கு இலக்கம், செட்டில்மென்ட் கடிதத்தின் தேதி, "மீதித் தொகை முழுவதும் செலுத்தத் தயார், செலுத்தினால் நான்கு நிறுவனங்களிலும் நிலையை ‘குளோஸ்டு’ என்று மாற்றுவீர்களா, எத்தனை நாளில்" என்று கேளுங்கள். அந்த 19,400-ல் அசல் எவ்வளவு, வட்டியும் தாமதக் கட்டணமும் எவ்வளவு என்று பிரித்துக் காட்டவும் கேளுங்கள். குறைத்துத் தருகிறோம் என்றால் கவனம்: குறைத்தால் மறுபடியும் அது செட்டில்மென்ட்தான், நிலை மாறாது. எழுத்தில் பதில் வந்தபின் கார்டு கணக்குக்கே நேராக நெஃப்ட் செய்யுங்கள். வசூல் ஆளின் ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாய் போகக்கூடாது.

கடனை வேறு நிறுவனத்துக்கு விற்றிருந்தால் பழைய வங்கி "எங்களிடம் ஒன்றுமில்லை" என்று சொல்லும். அப்போது வாங்கிய நிறுவனத்திடம்தான் பேச வேண்டும், நோ டியூவும் அவர்களிடம்தான்.

நடுப்புணி_செக்போஸ்ட்

இதுல எனக்கு ஒத்து வரலீங்க. செட்டில்மென்ட் கடிதத்துல முழுசா முடிஞ்சதுன்னு எழுதியிருந்தா, அந்த 19,400-ஐக் கேக்க வங்கிக்கே உரிமை இல்லை. அதைக் கட்டறது சட்டப்படி கடமையில்லை, ஒரு சொல்லை மாத்தறதுக்குக் கொடுக்கற விலை. கையில இருக்கறதே 20,000. அத்தனையும் அங்க போட்டா ரிப்போர்ட்ல ஒரு சொல் மாறும், அவ்வளவுதான். புதுசா ஒழுங்காக் கட்டின கட்டம் ஒண்ணு கூட வராது. எஃப்டியில போட்டா பணம் உங்களுதாவே இருக்கும், வட்டியும் வரும், மாசா மாசம் 000 ஏறும்.

முதல்ல எஃப்டி கார்டு. 12 மாசம் கழிச்சு, வண்டிக்கு மார்ஜின் பணம் (நம்ம கைக்காசு பங்கு) சேக்கறப்ப, செட்டில்டு பாக்கியைப் பேசுங்க. அப்பவும் கடன் கொடுக்கறவரே "இதை முடிச்சுட்டு வா"ன்னு சொன்னாத்தான். ஆனா செட்டில் பண்ணின அந்த பேங்க்லயே போய் வண்டிக்கடன் கேக்கறதா இருந்தா வரவு_செலவு சொல்றது சரி, அவங்க உள்கணக்குல அது என்னைக்கும் இருக்கும்.

இன்னொண்ணு, இவருக்கு இல்லை, படிக்கற மத்தவங்களுக்கு: செட்டில் பண்ணாம வெறுமனே நின்னுபோன பழைய பாக்கிக்கு "500 ரூபாயாவது போடுங்க"ன்னு வசூல் ஆள் கேப்பான். கோர்ட்டுக்குப் போறதுக்கான மூணு வருசக் காலவரம்பு முடியறதுக்குள்ள போட்டா, அது அந்த 500-ல புதுசாத் தொடங்கிரும். கட்டினா முழுசாக் கட்டுங்க, இல்லைன்னா எழுத்துல பேசி முடிங்க.

வரவு_செலவு

எஃப்டி முதலில் என்பதை ஒப்புக்கொள்கிறேன், கையில் 20,000 மட்டும்தான் என்பதால். 40,000 இருந்திருந்தால் என் பேச்சுதான்.

கணக்குப்_பிள்ளை

எஃப்டி கார்டு வாங்கும் விவரம்.

வங்கியில் எஃப்டி போட்டு, அதன்மேல் உரிமை எழுதிக்கொடுத்தால், அதில் 75 முதல் 100 சதம் வரை லிமிட் வைத்து கார்டு தருவார்கள். சதவீதமும் குறைந்தபட்சத் தொகையும் வங்கிக்கு வங்கி வேறு. 20,000 பல இடங்களில் போதும். வருமானச் சான்று கேட்பதில்லை, ஸ்கோர் குறைவானாலும் பெரும்பாலும் தடையில்லை. கேட்கவேண்டியவை: இந்தக் கார்டை நான்கு நிறுவனங்களுக்கும் ரிப்போர்ட் செய்கிறீர்களா, ஆண்டுக் கட்டணம் உண்டா, கார்டை மூடினால் எத்தனை நாளில் எஃப்டி விடுபடும். முதல் கேள்விக்குத் தெளிவான பதில் வராத இடத்தில் போடவேண்டாம். ரிப்போர்ட் ஆகாத கார்டால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. எஃப்டி முதிர்ந்ததும் தானாகப் புதுப்பிக்கும் வகையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் அந்தத் தேதியில் கார்டும் நின்றுபோகும்.

ஆதாரில் உள்ள கேரளா விலாசத்தையே கொடுங்கள். குடோன் விலாசத்தை ஒரு விண்ணப்பத்திலும் வீட்டு விலாசத்தை இன்னொன்றிலும் கொடுத்தால் ரிப்போர்ட்டில் விலாசப் பட்டியல்தான் நீளும், சரிபார்க்க வருபவரும் பூட்டிய குடோனைப் பார்த்துவிட்டு "ஆள் இல்லை" என்று எழுதிவிட்டுப் போவார். கொழிஞ்சாம்பாறையிலோ சித்தூரிலோ சேமிப்புக் கணக்கு இருக்கும் கிளையிலேயே கேட்பது நல்லது.

கார்டு வந்ததும் செலவுக் கணக்கு. லிமிட் 18,000 என்று வைத்துக்கொள்வோம். பில் தேதியில் பாக்கி அதில் 30 சதத்துக்குள், அதாவது 5,400-க்குள் இருக்கட்டும். கேஎஸ்இபி கரண்ட் பில், சிலிண்டர், ரீசார்ஜ், மளிகை இவற்றோடு நிறுத்துங்கள். டீசல் போடலாம், ஆனால் ஏஸுக்கு ஒரு மாத டீசல் லிமிட்டையே தின்றுவிடும். அப்படிப் போட்டால் பில் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு பகுதியைக் கட்டிவிடுங்கள். ரிப்போர்ட்டுக்குப் பெரும்பாலும் போவது பில்லில் நிற்கும் பாக்கிதான். சின்னத் தொகை ஒன்று பில்லில் நிற்கட்டும், உங்கள் பக்கம் கட்டியதாகவும் பதிவாகட்டும்.

ஆட்டோ டெபிட் போடும்போது "மொத்தத் தொகை" என்பதைத் தேர்ந்தெடுங்கள். "குறைந்தபட்சத் தொகை" என்று விட்டால் என்ன ஆகும், பாருங்கள். ஜூன் 6 அன்று 10,000-க்கு வாங்குகிறீர்கள். பில் ஜூலை 5, கெடு ஜூலை 25. அன்று குறைந்தபட்சம் 500 மட்டும் கட்டுகிறீர்கள். தாமதக் கட்டணம் இல்லை, ரிப்போர்ட்டும் கெடாது. ஆனால் வட்டி ஜூன் 6-லிருந்தே ஓடும். வருடத்துக்கு 42 சதம் என்றால், 10,000-க்கு 49 நாள் 564, மீதி 9,500-க்கு ஆகஸ்ட் 5 வரை 11 நாள் 120, மொத்தம் 684. அதன்மேல் 18 சதம் ஜிஎஸ்டி 123. ஆக 807. கட்டியது 500, ஏறியது 807. அதோடு புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது, பழைய பாக்கி முழுதும் தீரும்வரை.

கார்டை வைத்து ஏடிஎம்மில் பணம் எடுக்காதீர்கள். எடுத்த நாளிலிருந்தே வட்டி, தனிக் கட்டணமும் உண்டு. மண்டியில் தெரிந்த கடைக்காரரிடம் தேய்த்துப் பணமாக வாங்குவதும் வேண்டாம். வங்கி கண்டுபிடித்தால் கார்டை நிறுத்திவிடும்.

கெடு தாண்டி மூன்று நாளுக்குள் கட்டினால் தாமதம் என்று ரிப்போர்ட் செய்யக்கூடாது என்று விதி இருக்கிறது. பண்டிகை நாளில் நெட் வேலை செய்யாமல் போனால் உதவும். வாடிக்கையாக அதை நம்பவேண்டாம், மூன்று நாளைத் தாண்டிவிட்டால் தாமத நாளும் தாமதக் கட்டணமும் கெடு தேதியிலிருந்தே கணக்காகும்.

தேங்காய்_மண்டி

இன்னும் மூணு சந்தேகம். ரூபே கார்டு எடுத்தா ஜிபேல மண்டியில இருக்கறவங்களுக்கு அனுப்பலாமா? ஊர்ல குறிச்சீட்டு மாசம் 5,000 ஒழுங்காக் கட்டறேன், அது ஸ்கோருக்கு உதவுமா? ஐடிஆர் இப்பப் போட்டா புண்ணியம் உண்டா?

நடுப்புணி_செக்போஸ்ட்

ரூபே கிரெடிட் கார்டை யூபிஐல இணைக்கலாம். கடை க்யூஆருக்குத்தான் போகும், ஆள் நம்பருக்குப் போகாது. மண்டிக்காரர் வியாபாரக் கணக்கு க்யூஆர் வெச்சிருந்தா சரி. ஒரு நாளைக்கு நாலு தடவை ஸ்கேன் பண்ணி 30 சதம் எப்பத் தாண்டுச்சுன்னே தெரியாது, அதை மட்டும் பாத்துக்கங்க.

குறி கட்டறது கடனே இல்லை, அதனால ரிப்போர்ட்ல ஏறாது. நகைப் பணயம் ஏறும். வட்டி கட்டாம வருசக் கெடு தாண்டினா அதுவும் ஓவர்டியூ. புதுப்பிக்கற தேதிய போன்ல அலாரம் வெச்சுக்கங்க, ஏலம் வரைக்கும் போயி பாக்கி நின்னா அதுவும் பதிவாகும். மச்சான், பங்காளி யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தா அதையும் ரிப்போர்ட்ல தேடுங்க. அவங்க கட்டலைன்னா உங்க பேர்லயும் விழும்.

கணக்குப்_பிள்ளை

ஐடிஆர் கட்டாயம் போடுங்கள். பெரிய வண்டிக்குக் கடன் கேட்கும்போது இரண்டு வருட ஐடிஆர் கேட்பார்கள், அப்போது ஓடினால் கிடைக்காது. சரக்கு வண்டி ஒன்றுக்கு அனுமான வருமான முறையில் மாதம் 7,500 என்று கணக்கு காட்டலாம், வருடத்துக்கு 90,000. அது வாடகைக்கு வண்டி ஓட்டுவதற்கு மட்டும். தேங்காய் வாங்கி விற்கும் வியாபாரம் தனி. விற்றுமுதலில் வங்கி வழி வந்ததற்கு 6 சதம், ரொக்கத்துக்கு 8 சதம் குறைந்தபட்ச லாபம். இரண்டும் ஐடிஆர்-4-லேயே வரும். உண்மையில் நிற்பது மாதம் 28,000 என்றால் அதையே காட்டுங்கள். குறைந்தபட்சத்தை மட்டும் காட்டினால் தவணை கட்டும் சக்தி இல்லை என்று வங்கி சொல்லும். மண்டிப் பணம் ரொக்கமாக வருவதைக் குறைத்து ஒரே கணக்கில் வரவையுங்கள், 12 மாத ஸ்டேட்மென்டைப் பார்ப்பார்கள்.

வங்கிகள் 2025 ஜனவரியிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது தகவல் அனுப்பவேண்டும். எனவே டூவீலர் கணக்கு மூடினால் ஒரு மாதத்துக்குள் ரிப்போர்ட்டில் தெரியவேண்டும். எஃப்டி கார்டுக்கு ஆறு மாதம் கொடுங்கள். இடையில் வாராவாரம் ஸ்கோர் பார்த்துக் கவலைப்படவேண்டாம். பத்துப் பதினைந்து புள்ளி மேலே கீழே போவது பில் தேதியைப் பொறுத்தது. இத்தனை ஸ்கோர் இருந்தால்தான் கடன் என்று ரிசர்வ் வங்கி எந்த எண்ணையும் வைக்கவில்லை, ஒவ்வொரு வங்கியும் தன் அளவுகோலை வைத்திருக்கிறது. வண்டிக்கடன் கேட்கும் முன் அந்த நிறுவனத்தில் எந்த ரிப்போர்ட் எடுப்பார்கள் என்று கேட்டு, அதை நீங்கள் முதலில் எடுத்துப் பாருங்கள்.

தேங்காய்_மண்டி

டூவீலருக்கும் 15,000-க்கும் ஆட்சேபம் இன்னைக்கே போட்டாச்சு, கன்ட்ரோல் நம்பர் எழுதி வெச்சுட்டேன். ஆர்சியில ஹைப்பாதிகேஷன் அப்படியேதான் இருக்கு. திங்கக்கிழமை புது என்ஓசி கேக்கப் போறேன். பாலக்காட்டுக்காரருக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன், இப்ப 8,000-க்கு இறங்கி வர்றார்.

நடுப்புணி_செக்போஸ்ட்

நம்பரை பிளாக் பண்ணுங்க. அவருக்கு ஏற்கெனவே பான் நகல் அனுப்பியிருந்தா, மாசத்துக்கு ஒருக்கா என்கொயரி பகுதியைப் பாருங்க. யாராவது உங்க ரிப்போர்ட் எடுத்தா எஸ்எம்எஸ்ஸோ மெயிலோ வரணும்னு விதி இருக்கு, அதனால நாலு தளத்துலயும் இப்ப ஓடற நம்பரைப் பதிஞ்சு வெச்சுக்கங்க.